99 என்ற எண்ணும் பிஎஸ்பிபி-யும்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வாசிக்கிறீர்கள்?" என்று 200 பேரிடம் கேட்டிருந்தோம். 180 பேர் பதில் சொன்னார்கள்; அவர்களின் சராசரி 5 மணி நேரம். மீதி 20 பேர் பதில் சொல்லவில்லை என்பதைக் குறிக்க 99 என்று பதிந்து வைத்திருந்தோம். நான் முதன்முதலில் எடுத்த சராசரியோ 14.4! கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. 99 என்பது மணிக்கணக்கு அன்று, பதிலின்மையின் அடையாளம் என்பதை மென்பொருளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். 'மிஸ்ஸிங் வேல்யூஸ்' என்ற ஒரு வரிக் கட்டளையைக் கொடுத்ததும் 5 வந்து நின்றது. மாறியின் (தரவில் ஒரு கேள்விக்கான நெடுவரிசையின்) பண்புகளை அக்கறையோடு கவனிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

நான் பயன்படுத்துவது பிஎஸ்பிபி. எஸ்பிஎஸ்எஸ் என்ற வணிகப் புள்ளியியல் மென்பொருளுக்கு மாற்றாக க்னூ திட்டத்தின்கீழ் வரும் கட்டற்ற மென்பொருள். பென் ஃபாஃப் தொடங்கியது, சி மொழியில் எழுதப்பட்டது. 2017-இல் 1.0 பதிப்பு வந்த பிறகு இதற்கு மாறினேன். கணக்கிடும் வேகம், வரைபடங்கள் எல்லாவற்றையும் பற்றிப் பலர் எழுதுவார்கள். எனக்கு இதில் பிடித்துப்போனது ஒவ்வொரு மாறியோடும் சேர்ந்தே பயணப்படும் தகவல்கள்: விளக்கப் பெயர், மதிப்புகளுக்கான பெயர்கள், விடுபட்ட மதிப்புகள், காட்டும் வடிவம், அளவீட்டு நிலை. இவை எல்லாம் தரவுக் கோப்பின் அகராதிப் பகுதியில் தரவோடு சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் சிஎஸ்வி கோப்பாக மாற்றினால் இவை பிரிந்துபோய்விடும். எண்கள் மட்டும் அநாதைகளாக நிற்கும்.

விடுபட்ட மதிப்புகளில் ஒரு வரம்பு உண்டு. ஓர் எண் மாறிக்குத் தனித்தனி மதிப்புகளாக மூன்றுதான் கொடுக்கலாம். இல்லையென்றால் ஒரு வீச்சு (இந்த எண் முதல் இந்த எண் வரை என்று), அதனோடு கூடுதலாக ஒரு தனி மதிப்பு. எங்கள் வினாத்தாளில் தெரியாது, மறுத்தார், பொருந்தாது, எழுத்துத் தெளிவில்லை என நான்கு குறியீடுகள் இருந்தன, 96 முதல் 99 வரை. அடுத்தடுத்த எண்களாக இருந்ததால் ஒரே வீச்சாகக் கொடுத்துச் சமாளித்தேன். வினாத்தாள் வடிவமைக்கும்போதே இதை மனத்தில் வைத்துக் குறியீடுகளை ஒட்டியே வைத்துவிடுங்கள். இப்படிக் குறித்தாலும் அந்த 99 அழிந்துவிடுவதில்லை. சராசரியில் சேராது, எந்தப் பதிலை எத்தனை பேர் சொன்னார்கள் என்று காட்டும் நிகழ்வெண் பட்டியலில் தனியாகத் தெரியும். மறுத்தவர் எத்தனை பேர் என்பதும் ஒரு செய்திதானே.

எனக்கு நேர்ந்த பெரிய இழப்பு மதிப்புப் பெயர்களில். 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி ஐந்து படிகள் கொண்ட கேள்விகள் இருபது. பிறகு 9-க்கு மட்டும் 'பதில் மறுத்தவர்' என்று பெயர் சேர்க்க வேண்டியிருந்தது. 'வேல்யூ லேபிள்ஸ்' கட்டளையில் 9-ஐ மட்டும் எழுதி ஓட்டினேன். இருபது மாறிகளிலும் ஐந்து பெயர்களும் போய், 9 மட்டும் மிஞ்சியது. அதே கோப்பின் மேலேயே சேமித்தும்விட்டேன். அந்தக் கட்டளையின் இயல்பே அதுதான்: பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை வைக்கும். இருப்பதோடு சேர்க்க 'ஆட் வேல்யூ லேபிள்ஸ்' என்று தனிக் கட்டளை இருக்கிறது. மறுநாள் முழுவதும் வினாத்தாளைப் பார்த்துப் பெயர்களைத் திரும்ப எழுதினேன். அதன்பின் சுட்டியால் சொடுக்கி எந்தப் பண்பையும் மாற்றுவதில்லை. எல்லாம் ஒரு கட்டளைக் கோப்பில் இருக்கும். மூலத் தரவைத் தொடாமல், ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பை ஓட்டிப் புதிய கோப்பாகச் சேமிக்கிறேன்.

தமிழில் பெயர் வைப்போருக்கு ஒரு கணக்கு. மாறியின் பெயர் 64 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். 'மாதக்குடும்பவருமானம்' என்ற பெயர் 60 பைட் எடுத்துவிடும், இன்னும் ஓர் எழுத்துக்கு மட்டுமே இடம். எனவே பெயரைச் சுருக்கமாக வைத்து, முழு விவரத்தை விளக்கப் பெயரில் தமிழில் எழுதுகிறேன். அட்டவணைகளில் அச்சாவது அதுதான் என்பதால் படிப்பவருக்கு எந்தக் குறையும் இல்லை.

தேதிகளைப் பற்றிச் சுருக்கமாக: உள்ளே அவை 1582 அக்டோபர் 14 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. காட்டும் வடிவம் தவறிப்போனால் அண்மைக் காலத் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 1300 கோடியைத் தாண்டிய ஓர் எண் நிற்கும். பதற வேண்டாம், வடிவத்தை மாற்றினால் தேதி திரும்பிவிடும்.

மூலநிரலையும் ஒருமுறை திறந்து படித்தேன். சி தெரிந்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மாறிக்கு ஒரு கட்டமைப்பு, அகராதிக்கு ஒன்று, விடுபட்ட மதிப்புகளுக்கு ஒன்று என அழகாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பண்பு மாறினால் அகராதிக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து திரைக்கும் போகிறது. மதிப்புப் பெயர்களின் எழுத்துச் சரங்களை ஒரே ஒரு பிரதியாக வைத்து, எத்தனை இடங்களில் பயன்படுகிறது என்று மட்டும் எண்ணிக்கொள்கிறது. என் இருபது கேள்விகளுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' நினைவகத்தில் ஒருமுறைதான் இருக்கிறது என்று அறிந்தபோது மனம் நிறைந்தது.

அடுத்த சுற்று ஆய்வு வந்தால் 'அப்ளை டிக்ஷனரி' கைகொடுக்கும்: பழைய கோப்பிலிருந்து, அதே பெயருள்ள மாறிகளுக்குப் பண்புகளை எடுத்து வைத்துவிடும். எண்ணாக இருந்தது எழுத்தாக மாறியிருந்தால் அந்த மாறியை விட்டுவிடும். ஓடி முடிந்ததும் 'டிஸ்ப்ளே டிக்ஷனரி' கொடுத்து எதெல்லாம் விடுபட்டது என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

அதிகம் பேர் தொடாத ஒன்று 'வேரியபிள் அட்ரிப்யூட்'. நாமே ஒரு பண்புக்குப் பெயர் சூட்டி, எந்த வாசகத்தையும் மாறியோடு ஒட்டி வைக்கலாம். கேள்வியின் முழு வாசகம், எந்தச் சுற்றில் அது மாறியது, ஏன் மாறியது என்பதையெல்லாம் அதில் எழுதி வருகிறேன். மூன்றாம் சுற்றில் வாசிப்பு நேரம் திடீரென்று குறைந்தது ஏன் என்று இரண்டு ஆண்டுகள் கழித்து உடன் பணியாற்றுபவர் கேட்டார். எனக்கு நினைவில்லை. 'டிஸ்ப்ளே அட்ரிப்யூட்ஸ்' கொடுத்தேன்: "இச்சுற்றில் செய்தித்தாள் வாசிப்பு சேர்க்கப்படவில்லை" என்று என் குறிப்பே திரையில் வந்தது.