பொட்டல இயந்திரத்துக்கு டைமிங் பெல்ட்டா, செயினா?

மசாலாப் பொடி அடைக்கும் எங்கள் இயந்திரத்தில், மோட்டாரிலிருந்து சீல் போடும் ஷாஃப்டுக்குச் சென்ற செயினை எடுத்துவிட்டு டைமிங் பெல்ட் (உட்பக்கம் பற்கள் உள்ள பட்டை) மாட்டினோம். அந்த முடிவில் எனக்கும் பங்குண்டு என்பதால், என் சாய்வு பெல்ட்டின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செயின் விலை குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும், அறுந்தால் இணைப்புக் கண்ணி போட்டு அன்றைய ஓட்டத்தை முடித்துவிடலாம். பெல்ட்டில் சத்தம் குறைவு, கிரீஸ் தேவையில்லை. ஆனால் அது முனையில்லாத வளையம் என்பதால் சில இடங்களில் ஷாஃப்டின் பேரிங்கைக் கழற்றாமல் மாற்ற முடியாது. இவை அனைவரும் அறிந்தவை.

செயினுக்குச் சாதகமான வலுவான வாதம், அதன் தேய்மானத்தை அளவுகோலால் அளந்துவிடலாம் என்பதுதான். 12.7 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த கண்ணிகளின் இடைவெளி) உள்ள செயினில் 20 கண்ணிகள் புதிதில் 254 மி.மீ. நீளம் இருக்கும், அது 3 சதவீதம் நீண்டு 261.6 மி.மீ. அளவை நெருங்கினால் மாற்றிவிட வேண்டும். ஆனால் பொட்டல இயந்திரத்தில் அந்த எல்லையை எட்டும் முன்பே தொல்லை தொடங்கிவிடுகிறது. பொடித் தூசி கிரீஸுடன் கலந்து கண்ணிகளை இணைக்கும் பின்னையும் அதைச் சுற்றிய புஷ்ஷையும் அரைக்கிறது. செயின் நீள நீள, பொட்டல பிலிம் இழுபடும் நேரமும் அதை ஒட்டும் சீல் தாடை மூடும் நேரமும் விலகி, பொடியின் மீதே சீல் விழுகிறது. உணவுப் பொருளுக்கு அருகில் எண்ணெய் சொட்டுவதும் சிறிய விஷயமன்று.

பெல்ட்டுக்கு எதிராக முக்கியமாகச் சொல்லப்படுவது ஒன்று: சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும். அறுவது திடீரென்றுதான், ஆனால் அதற்கான காரணம் பெல்ட்டின் உடம்பில் முன்பே பதிந்திருக்கிறது. என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புச் சாதகம்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரப்பர் பெல்ட்டின் இழுவிசையைத் தாங்குவது உள்ளே ஓடும் கண்ணாடி இழைக் கயிறு. அது ஏறக்குறைய நீளாது, ஆனால் மடித்தால் முறியும். கத்தியால் வெட்டியது போல நேராக அறுந்த பெல்ட், பெரும்பாலும் மாட்டும் முன்பே எங்கேனும் மடிக்கப்பட்டதாகவோ, ஆணியில் தொங்கவிடப்பட்டதாகவோ, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றப்பட்டதாகவோ இருக்கும். பிசிறு பிசிறாக, கோணலாக அறுந்திருந்தால், பிலிம் சிக்கி இயந்திரம் இறுகியது போன்ற அதிர்ச்சியைத் தேட வேண்டும். பற்கள் வேரில் வெடித்து வரிசையாகப் பெயர்ந்திருந்தால் பெல்ட் தளர்வாக ஓடி, புல்லியின் (பெல்ட் ஓடும் பல் சக்கரத்தின்) பல்லின் மேல் ஏறித் தாவியிருக்கிறது என்று பொருள். சிறிய புல்லியில் 6 பற்களாவது கடித்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம் தேய்ந்து இழை தெரிந்தால், மிகையாக இறுக்கியிருக்கிறோம், பக்கத்துப் பேரிங்கும் சூடேறியிருக்கும். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. ரப்பர் உப்பி மெத்தென்றிருந்தால், கியர்பாக்ஸின் எண்ணெய்த் தடுப்பு சீலில் எண்ணெய் கசிகிறது. இத்தனை தெளிவாகக் காரணம் சொல்லும் உதிரிபாகம் அந்த இயந்திரத்தில் வேறில்லை என்பதே என் எண்ணம். அறுந்த பெல்ட்டைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினால், அதே காரணம் புதியதையும் அறுக்கும்.

தடுப்பதற்கு வேண்டியவை இரண்டு அளவுகள். இரு புல்லிகளுக்கு இடையிலுள்ள பெல்ட் நீளத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது 640 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ., தயாரிப்பாளர் குறித்த விசையில் நடுவில் அமுங்க வேண்டும்; புதிய பெல்ட் பள்ளங்களில் படிந்து சற்றே தளரும் என்பதால் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி பார்ப்பது நல்லது. புல்லிகளின் முகத்தில் நேர்க்கோல் வைத்துப் பார்க்கையில் விலகல் கால் பாகைக்குள், அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மாட்டும்போது மோட்டாரை உள்ளே தள்ளி, பெல்ட்டைக் கையாலேயே ஏற்ற வேண்டும். பல் கூர்ந்து தேய்ந்த புல்லியை அப்படியே விட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

எங்களுடையது இலகுவான சுமை, சாதாரண வெப்பம். அடுப்பருகே ஓடும் கன்வேயருக்கோ, கல் உடைக்கும் இயந்திரம் போல ஓயாத அடி விழும் இடத்துக்கோ இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன். அங்கே செயினே பொருந்தும் என்று நினைக்கிறேன். எஃகுக் கயிறு வைத்த பாலியூரிதேன் பெல்ட்டுகளையும் நீண்ட காலம் ஓட்டிப் பார்த்ததில்லை.

மாற நினைப்பவர்கள் வாங்கும்போது எண்ணைச் சரிபார்க்க வேண்டும். 800-8எம்-20 என்றால் நீளம் 800, பிட்ச் 8, அகலம் 20 மி.மீ., பற்கள் 100. எண் பொருந்தினாலும் பல்லின் வடிவம் புல்லியோடு பொருந்த வேண்டும். வளைவுப் பல் பெல்ட்டைச் சரிவகப் பல் புல்லியில் ஓட்டினால் வேரிலேயே அறுந்துவிடும்.