மூன்றரை வருடம், ஒரு கேமரா, ஐந்து மெமரி கார்டு

கேமரா வாங்கிய அன்று கடையில் ஒரு தோள்பையும் 16 ஜிபி மெமரி கார்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். பையின் ஜிப் இரண்டாவது மாதமே போய்விட்டது. கார்டு அதைவிடப் பெரிய வேலை பார்த்தது. என் கேமராவே மெதுவானது என்று ஆறு மாதம் என்னை நம்ப வைத்தது.

24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார், கார்டுக்கு ஒரே ஒரு ஸ்லாட், அதுவும் அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில். கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால் கேள்வியெல்லாம் கம்பெனியைப் பற்றித்தான் வரும். லென்ஸ் எது என்று நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட நான், படத்தை எந்த வடிவத்தில் சேமிப்பது, எந்தக் கார்டில் சேமிப்பது என்று பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதற்கான விலையைத் தவணை முறையில் கட்டினேன்.

முதல் தவணை கூந்தன்குளத்தில். நாங்குநேரிப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். குளத்தில் மட்டுமில்லாமல் ஊருக்குள் வீட்டு மரங்களிலும் பறவைகள் கூடு கட்டும். ஒரு ஜனவரிக் காலை, சங்குவளை நாரை ஒன்று அலகில் குச்சியோடு கூட்டுக்கு வந்து இறங்கியது. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். வினாடிக்குப் பத்துப் படம் வீதம் நாலு வினாடி சடசடவென்று ஓடியது. பிறகு மூச்சு நின்ற மாதிரி நின்றுவிட்டது. கார்டில் எழுதுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அதற்குள் ஜோடிப் பறவையும் வந்தது. இரண்டும் தலையை ஆட்டி ஆட்டி அலகைத் தட்டிக்கொண்டதை வெறும் கண்ணால்தான் பார்த்தேன்.

எடுத்த படம் நேரே கார்டுக்குப் போவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபரில் குவியும். அங்கிருந்து கார்டு தன் வேகத்துக்கு இழுத்துக்கொள்ளும். தொட்டி நிறைந்தால் குழாயை மூட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து ஓடுகிற மின்விசிறியைக் குறி வைத்து, போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பார்த்தேன். ரா, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் வடிவத்தில் நாற்பது படம், ஒன்று 25 எம்பி, மொத்தம் 1000 எம்பி. இலவசக் கார்டு அதை எழுதி முடிக்க ஒரு நிமிடம் இருபது வினாடி ஆனது, அதாவது வினாடிக்கு 12 எம்பி சொச்சம். 900 ரூபாய் சில்லறைக்கு வாங்கிய நல்ல கார்டில் அதே வேலை 14 வினாடியில் முடிந்தது. கேமரா ஒன்றுதான், விசிறியும் ஒன்றுதான்.

கார்டின் மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் படிக்க அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். பெரிய எழுத்தில் 170 என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதாவது கார்டிலிருந்து கணினிக்கு நகல் எடுக்கும்போது கிடைப்பது. நாம் படம் எடுக்கும்போது வேண்டியது எழுதும் வேகம். அது கார்டு வரும் உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சில கார்டுகளில் அதுவும் இருக்காது. இன்னொன்று, யுஎச்எஸ்-1 என்ற வகைக்கு வினாடிக்கு 104 எம்பிதான் உச்சம். அதைத் தாண்டிய எண் அந்தந்தக் கம்பெனியின் தனி ஏற்பாடு. அதற்கேற்ற கார்டு ரீடரில்தான் கிடைக்கும், கேமராவுக்குள் கிடைக்காது. யுஎச்எஸ்-2 கார்டின் பின்னால் இரண்டாவது வரிசையாகவும் பித்தளை நிறத் தொடுபுள்ளிகள் இருக்கும். அதை என் கேமராவில் போட்டால் வேலை செய்யும், ஆனால் யுஎச்எஸ்-1 வேகத்தில்தான். இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து அதை வாங்குவதற்கு முன்னால் கேமராவின் கையேட்டில் எந்த வகையை ஏற்கும் என்ற ஒரே ஒரு வரியைப் படித்தால் போதும். நான் வாங்கிய பிறகுதான் படித்தேன்.

வீடியோ எடுப்பவர்கள் வி30, வி60, வி90 என்ற குறியைப் பாருங்கள். எவ்வளவு நேரம் எழுதினாலும் வினாடிக்கு அந்த எம்பிக்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம் அது. என் கேமராவின் 4கே வீடியோ வினாடிக்கு 100 மெகாபிட். பிட்டை பைட் ஆக்க எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. வி30 தாராளம். இந்த எட்டால் வகுக்கும் கணக்கை மறந்துவிட்டு "நூறுக்கு முப்பது எப்படிப் போதும்" என்று வி90 கார்டு தேடி அலைந்தவன் நான். ஏ1, ஏ2 என்று இன்னொரு குறி இருக்கிறதே, அது போனில் செயலிகள் ஓடுவதற்கானது. கேமராவுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த தவணைதான் பெரியது. பாதி விலையில் 256 ஜிபி கார்டு என்று இணையத்தில் பார்த்து ஆர்டர் போட்டேன். உறை, எழுத்து, ஹாலோகிராம் எல்லாம் கச்சிதம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு அதைத்தான் கொண்டுபோனேன். அதிகாலையிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை எடுத்துத் தள்ளினேன். கேமரா ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை. வீட்டில் திறந்தால் முதல் ஆயிரத்துச் சொச்சம் படம் ஒழுங்காக இருந்தது. மீதி எல்லாம் பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே சாம்பல் நிறம். வடம் பிடித்த கைகளை நெருக்கத்தில் எடுத்த ஒரு படத்தில் மேல் கால்வாசி மட்டும் வந்திருந்தது: வியர்வை வழியும் ஒரு நெற்றி, அதற்குக் கீழே வெறும் சாம்பல்.

உள்ளே இருந்தது 32 ஜிபி சில்லு. 256 என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில் போனது. எழுதப்படாத படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பணம் பதினெட்டு நாளில் திரும்ப வந்தது. தேருக்கு அடுத்த ஆனி வரை காத்திருந்தேன். அதிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும் முதல் வேலை, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுவதுதான். லினக்ஸிலும் மேக்கிலும் இதே வேலைக்கு எஃப்3 இருக்கிறது. கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஒரு மணி நேரம் போல ஆகலாம், ஆகட்டும். ஆனால் 64 ஜிபி கார்டு கணினியில் 59 சொச்சம் என்று காட்டினால் பதற வேண்டாம். கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, வடிவத்துக்கு வருகிறேன். பறவைகளுக்கு மட்டும், யாரோ சொன்னார்கள் என்று, ராவில் எடுத்தேன். மற்றபடி முதல் வருடம் முழுக்க ஜேபெக். வெளிச்சம் சரியாக இருந்த இடங்களில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரிந்தது அத்தை மகன் கல்யாணத்தில். மேடையில் ஊதா நிற எல்இடி, மணவறைக்குள் மஞ்சள் பல்பு, பக்கவாட்டு வாசல் வழியாக வெயில். மாப்பிள்ளையின் பாதி முகம் கத்திரிக்காய் நிறத்தில் வந்தது. கணினியில் சரிசெய்யப் போனால் ஊதா குறைந்தது, ஆனால் முகமும் சாம்பல் பூசிய மாதிரி ஆனது.

காரணம் இதுதான். ஜேபெக் 1992-இல் வந்த தரம். ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். கேமராவின் சென்சார் பதிவு செய்வதோ 14 பிட், 16,384 படிகள். வெள்ளைச் சமநிலை, கான்ட்ராஸ்ட், கூர்மை எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்து, மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் ஜேபெக்கைக் கையில் தருகிறது. ரா என்பது அரைத்து வைத்த மாவு. தோசையும் ஊற்றலாம், பணியாரமும் சுடலாம். ஜேபெக் அவித்து எடுத்த இட்லி. அப்புறம் நினைத்தாலும் இட்லி உப்புமாதான் கிண்ட முடியும்.

இந்த ஞானம் வந்ததும் எல்லாவற்றையும் ராவில் எடுக்கத் தொடங்கினேன், மகளின் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கான படம் உட்பட. ஒன்றரை வருடத்தில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் நிறைந்தது. பழைய மடிக்கணினியில் இருந்த லைட்ரூம் 6 என்ற படம் திருத்தும் மென்பொருள், புதுக் கேமராவின் ரா ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்றது. கேனனுக்கு சிஆர்3, நிக்கானுக்கு என்இஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ, ஃபியூஜிக்கு ஆர்ஏஎஃப் என்று ஆளுக்கொரு ரா. கேமராவுக்குக் கேமரா உள்ளேயும் மாறும். எந்த ராவையும் டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்ற அடோபி இலவசமாகத் தரும் மாற்றியை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு டார்க்டேபிள் என்ற மென்பொருளுக்கு மாறிவிட்டேன். அதுவும் இலவசம்தான், பழக ஒரு மாதம் பிடித்தது.

பாளையங்கோட்டையில் பிரிண்ட் போடும் அண்ணனிடம் அவசரத்தில் ஒரு தடவை பென் டிரைவை அப்படியே கொடுத்துவிட்டேன். திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுல படமே இல்லியே, வெறும் பேருதான இருக்கு" என்றார். ஜேபெக் ஆக்கிக்கொண்டு மறுநாள் போனேன். ராவைத் தலையில் வைத்துக் கொண்டாடியது அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. இறங்க இன்னொரு காரணமும் உண்டு: கை ஆடிய படம் ராவிலும் ஆடிய படம்தான். ஃபோகஸ் தவறியதற்கும் அதில் மருந்து கிடையாது.

இப்போது என் வழக்கம் இது. பறவை, கோயில், கல்யாண மண்டபம் என்றால் ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்து. வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். ஜேபெக்கில் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி போய்விடும். ராவில் கொஞ்சமாவது இறகின் வரிகளைத் திரும்பக் கொண்டுவரலாம். பிறந்தநாள், சுற்றுலா, ஆவணங்கள் என்றால் ஜேபெக் மட்டும், உயர்ந்த தரத்தில். மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஜேபெக்கே போதும் என்று தோன்றும் படங்களின் ராவை அழிக்கிறேன். கேமராவில் இழப்பில்லாத சுருக்கத்தோடு ரா எடுக்கும் வசதி இருந்தால் அதையே வையுங்கள். இடம் மிச்சம், தரத்தில் ஒன்றும் குறையாது. மைத்துனரின் புதுக் கேமராவில் ஜேபெக்குக்குப் பதில் ஹீஃப் என்ற வடிவமும் இருக்கிறது. 10 பிட், ஃபைலும் சின்னது, நல்ல விஷயம்தான். ஐபோன்கள் 2017-இலிருந்தே இதில் சேமிக்கின்றன. ஆனால் பிரிண்ட் அண்ணனின் கணினி அதையும் திறக்காது.

கார்டைப் பொறுத்தவரை ஒரே 256-க்குப் பதிலாக மூன்று 64 வைத்திருக்கிறேன். ஒன்றில் ரா மட்டும் என்றால் 2500 படம் போல வரும். ஒன்று கெட்டால் ஒரு நாள்தான் போகும். நிறைந்ததை டப்பாவில் குப்புற வைப்பேன். நகல் இரண்டு இடத்தில் ஏறிய பிறகே கேமராவில் போட்டு ஃபார்மேட். கணினியில் ஃபார்மேட் செய்வதில்லை. ஒரு தடவை நகல் எடுக்கும் முன்பே ஃபார்மேட் அடித்துவிட்டேன். உடனே கார்டை வெளியே எடுத்து, மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டியதில் ஏறக்குறைய எல்லாமே திரும்பின. பெயர்கள் மட்டும் போய், எஃப் எழுத்தில் தொடங்கும் நீள எண்களாக வந்தன. ஃபார்மேட் பெரும்பாலும் எந்தப் படம் எங்கே என்ற அட்டவணையைத்தான் அழிக்கிறது, படம் உள்ளேயே கிடக்கிறது.

அதே அத்தை மகன் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று கேமரா சொன்னது. கார்டின் இடது ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பூட்டு இருக்குமே, அது தளர்ந்து, ஸ்லாட்டில் நுழையும்போதே கீழே நழுவியிருக்கிறது. மொய் எழுதும் மேஜையில் செலோடேப் வாங்கி, பூட்டு இருந்த பள்ளத்தின் மேல் மெல்லிசாக ஒட்டினேன். எழுதத் தொடங்கிவிட்டது. அந்தக் கார்டை அன்று இரவே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டேன். ஸ்லாட்டுக்குள் டேப் உரிந்து மாட்டிக்கொண்டால் செலவு கார்டோடு நிற்காது.

இப்போது மூன்றாவது கார்டின் பூட்டும் லேசாக ஆட ஆரம்பித்திருக்கிறது. ஆனித் தேருக்கு முன்னால் இன்னொரு 64 வாங்க வேண்டும்.