1:50,000-ஆ, 1:2,50,000-ஆ? தெலான் போன்ற வட கனடிய ஆறுகளுக்கு எந்த வரைபடம்?

கேனோ (துடுப்புப் படகு) பயணத்துக்குத் தயாராகும்போது வரும் குழப்பம் இது. இரண்டும் கனடா அரசின் நிலவரைபட வரிசைதான். இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கலாம்.

தாள்: 1:2,50,000 தாள் ஒன்றின் இடத்தை 1:50,000-இல் 16 தாள்கள் நிரப்பும். நீண்ட ஆற்றுக்கு எடையும் அச்சுச் செலவும் ஏறும்.

அளவு: 1:50,000-இல் 1 கி.மீ. என்பது 2 செ.மீ.; மற்றதில் 4 மி.மீ. தீவுகள் நிறைந்த ஏரியில் ஆறு வெளியேறும் வாயைத் தேட 4 மி.மீ. போதாது.

சரிவு: சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஆற்றைக் கடக்கும் இடங்களைக் குறியுங்கள். 10 மீ. இடைவெளிக் கோடுகள் 4 கி.மீ. தள்ளியிருந்தால் சரிவு கி.மீ.க்கு 2.5 மீ. ஆனால் அந்த 10 மீட்டரும் ஒரே அருவியாக இருக்கலாம். கோடு அதைச் சொல்லாது. பழைய தாள்களில் இடைவெளி அடிக்கணக்கு, ஓரக்குறிப்பைப் பாருங்கள்.

பிழை: பழைய தாளின் ஆயமுறை (இடத்தைக் கணக்கிடும் அடிப்படை) நாட்27 (NAD27), ஜிபிஎஸ்ஸில் நாட்83 (NAD83) என்றிருந்தால் இடம் 200 மீ. வரை தள்ளிக் காட்டும். இது இரு வரிசைக்கும் பொருந்தும்.

திட்டமிடவும், உங்களைக் கொண்டு இறக்கும் விமானிக்கு இறங்குமிடம் காட்டவும் 1:2,50,000. வேகநீர், சுமைவழி (படகைத் தூக்கி நடக்கும் பாதை), ஏரிச் சிக்கல் உள்ள பகுதிகளுக்கு மட்டும் 1:50,000, நீர்புகாத் தாளில்.