நாய்க்கு உணவு நிறுக்க ஒரு சமையலறைத் தராசு: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரப் பாத்திரக் கடைகளில், ஐந்து கிலோ வரை நிறுக்கக்கூடிய, ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் கேக் அடிப்பவர்கள் வாங்கும் இந்தத் தராசை, எங்கள் வீட்டு நாய்க்கு நாள்தோறும் போட வேண்டிய உலர் உணவை நிறுப்பதற்காகவே வாங்கி, சென்ற மழைக்காலம் முதல் பயன்படுத்தி வருகிறோம். நாயின் உடல் பெருத்துவிட்டதே என்று விலை உயர்ந்த உணவுக்கு மாற நினைப்பவர்கள், அதற்கு முன் இதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உணவுப் பையுடன் கிடைக்கும் பிளாஸ்டிக் கோப்பையே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதே கோப்பையில் தலைதட்டி அள்ளியபோது 88 கிராமும், சற்றுக் குவித்து அள்ளியபோது 112 கிராமும் இருந்தன. காலையும் மாலையும் குவித்து அள்ளினால் நாளொன்றுக்கு 48 கிராம் கூடுகிறது. 100 கிராமுக்கு 350 கிலோகலோரி தரும் சாதாரண உலர் உணவில் இது 168 கிலோகலோரி. வீட்டில் அம்மா அள்ளும் அளவும் தம்பி அள்ளும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், கோப்பையை நம்பினால் நாய் உண்மையில் எவ்வளவு உண்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அரைக் கிலோ குறைத்துப் பதிந்தாலும் தட்டிக் கேட்கும் நாம், நம்மை நம்பி வாழும் உயிரின் உணவைக் கண்ணளவில் போடுவது சரியல்ல.

தராசு கிராமைக் காட்டும். எத்தனை கிராம் என்பதை நாம்தான் கணக்கிட வேண்டும். பையின் பின்புறத்து அட்டவணை இதற்கு ஒரு தொடக்கம் மட்டுமே, ஏனெனில் பல பைகளில் 10 முதல் 20 கிலோ வரையுள்ள நாய்கள் எல்லாம் ஒரே வரிசையில் அடக்கப்பட்டிருக்கின்றன. மிருக வைத்தியர்கள் பயன்படுத்தும் கணக்கு இதைவிட நம்பகமானது: நாயின் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், ஓய்வு நிலையில் அதன் உடலுக்குத் தேவையான கிலோகலோரி கிடைக்கும். அடுக்கு என்றதும் அஞ்ச வேண்டாம், சாதாரணக் கணிப்பானே போதும். எங்கள் நாயின் எடை 12 கிலோ. 12ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 1728. அதற்கு வர்க்கமூலப் பொத்தானை இருமுறை அழுத்தினால் ஏறத்தாழ 6.45, அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 451. கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு இதனை 1.6ஆலும், கருத்தடை செய்யாத நாய்க்கு 1.8ஆலும் பெருக்குவது வழக்கம். எங்கள் நாய் கருத்தடை செய்யப்பட்டது என்பதால் நாளுக்கு ஏறத்தாழ 722 கிலோகலோரி, அதாவது மேற்சொன்ன உலர் உணவில் 206 கிராம், இரு வேளைக்கும் 103 கிராம் வீதம். இதே கணக்கில் 19 கிலோ நாய்க்கு ஆயிரம் கிலோகலோரிக்கு மேல் வரும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 1.6க்குப் பதிலாக 3ஆல் பெருக்க வேண்டும் என்பதால், குட்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாயின் எடையை அறிய, அதைத் தூக்கிக்கொண்டு ஆள் நிறுக்கும் தராசில் ஏறி நின்று, பின்னர் தனியாக நின்று, முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் போதும்.

தராசு வந்த பிறகுதான் ரொட்டியின் கணக்கு எங்களுக்கு விளங்கியது. தோட்டப் பக்கம் எந்த வீட்டிலும் காலையில் மிஞ்சும் ரொட்டி நாய்க்குத்தான் போகிறது. 50 கிராம் கோதுமை மாவில் சுட்ட ஒரு ரொட்டியில், தேங்காய்ப்பூவையும் எண்ணெயையும் சேர்க்காமலே, சுமார் 180 கிலோகலோரி இருக்கிறது. ஒரு நாளின் தேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட தின்பண்டங்களாக இருக்கக் கூடாது என்பது பொது விதி. எங்கள் நாய்க்கு அந்த எல்லை 72 கிலோகலோரி மட்டுமே. ஆகவே இப்போது அரை ரொட்டிக்கும் குறைவாகவே கொடுத்து, அதற்கு ஈடாக உலர் உணவில் 20 கிராம் குறைக்கிறோம். வெங்காயம் சேர்ந்த குழம்பு நாய்க்கு நஞ்சு என்பதால், குழம்பில் தோய்த்த ரொட்டியை எந்த அளவிலும் கொடுப்பதில்லை.

தராசின் நிறைகுறைகளுக்கு வருகிறேன். தட்டை வைத்து, அதன் எடையைக் கழிக்கும் பொத்தானை அழுத்தி, உணவைக் கொட்டினால் வேலை முடிந்தது. ஆனால் உணவை ஒவ்வொரு மணியாகப் போட்டால் எண் பூச்சியத்திலேயே நின்றுவிடுகிறது. மிகச் சிறிய மாற்றங்களைத் தராசு பூச்சியமாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு கைப்பிடியை முதலில் கொட்டிவிட்டுப் பின்னர் சரிசெய்வதே முறை. அகலமான தட்டை வைத்தால் எண் தெரியும் இடம் மறைந்துவிடுகிறது. சிறிது நேரம் தொடாவிட்டால் தானாகவே அணைந்து, கழித்து வைத்த தட்டு எடையையும் மறந்துவிடுகிறது; அவசரக் காலைகளில் இது உண்மையிலேயே தொல்லை. மூடுபனிக் காலத்தில் எங்கள் சமையலறைச் சுவரே ஈரம் கக்கும் என்பதால், பற்றரி முனைகளில் துரு ஏறாதிருக்கத் தராசை மூடியுள்ள பெட்டிக்குள் வைக்கிறோம். வாங்கும்போதே அரை லீற்றர் தண்ணீரை அளந்து நிறுத்துப் பாருங்கள். கழித்த பாத்திரத்தில் 500 கிராமுக்கு மிக அருகில் காட்ட வேண்டும்.

எங்கள் பெரிய மனக்குறை தராசின் மீதல்ல. நகரில் நாங்கள் உலர் உணவு வாங்கிய ஒரு கடையில் பெரிய மூடையைப் பிரித்து, பெயரும் விபரமும் இல்லாத பொலித்தீன் பைகளில் கிலோக் கணக்கில் கட்டி விற்கிறார்கள். கலோரி எழுதிய துண்டு இல்லாமல் எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும் பயன் இல்லை. மூடையைக் காட்டச் சொல்லி அதன் விபரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கலோரி குறிப்பிடப்படாத உணவாயின், 100இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதன், சாம்பல் ஆகியவற்றின் வீதங்களைக் கழித்தால் வருவது மாச்சத்து; புரதத்தையும் மாச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்குரிய கிலோகலோரி ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

இத்தனை கணக்கும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து, 2002இல் வெளியான ஆய்வில், ஒப்பிடுவதற்காகச் சோடி சேர்த்த நாயைவிட நூற்றுக்கு 25 வீதம் குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் கடந்த வயது) 13 ஆண்டுகளாகவும், மற்றவற்றின் ஆயுள் 11.2 ஆண்டுகளாகவும் இருந்தன.

கணக்கில் வரும் எண் முடிவான தீர்ப்பு அல்ல. நாயின் உடல்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விலாவில் கையை வைத்து மெல்லத் தடவும்போது எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை நாயை நிறுத்து, கூடினால் உணவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தும், தேவையில்லாமல் மெலிந்தால் அதே அளவு கூட்டியும் வாருங்கள். நுவரெலியாப் பக்கம் இரவில் வெளியே படுக்கும் நாய்க்கு, உடல் சூட்டைக் காக்கவே கூடுதல் உணவு வேண்டும் என்பதால், அதன் கணக்கு வீட்டுக்குள் கிடக்கும் நாயின் கணக்காகாது. பூனைக்கும் இதே தராசு உதவும், ஆனால் பெருத்த பூனையின் உணவைத் திடீரென வெட்டினால் ஈரல் பாதிக்கப்படக்கூடும். அதை வைத்தியரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். நோயுள்ள, கருவுற்ற அல்லது முதிய நாய்க்கும் அப்படியே: அரச மிருக வைத்தியர் அலுவலகத்திலோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையிலோ கேட்டு, அவர்கள் சொல்லும் கிராமை இந்தத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.