கேபிள் இழுப்பவன் வாங்கிய நெட்வொர்க் பாடம்

பதினோரு வருடமாகச் சிங்கப்பூரில் கேபிள் இழுக்கிறேன். காண்டோ அடுக்குமாடி, பள்ளிக்கூடம், கிடங்கு என்று எங்கே சிசிடிவி வேண்டுமோ அங்கே கேபிளை மூடும் ட்ரங்கிங் அடித்து, கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, முனையில் பிளக் தலையைக் கிரிம்ப் செய்து கொடுப்பது என் வேலை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த எட்டுக் கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டால்தான் முழிப்பேன். கேமரா வரவில்லையென்றால் ஐடி ஆள் வருவார், லேப்டாப்பைத் திறந்து ஐந்து நிமிடம் ஏதோ தட்டுவார், படம் வந்துவிடும். அதுவரை நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த ஐந்து நிமிடம் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி, காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ் என்ற நெட்வொர்க் சான்றிதழ்ப் பரீட்சைக்கான ஓர் இணையப் பாடத்தை வாங்கினேன். விற்றவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. 24 மணி நேரக் காணொளி, அத்தியாயத்துக்குப் பத்துக் கேள்வி, கடைசியில் நான்கு மாதிரித் தேர்வு. ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். படிப்புச் செலவுக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 25 வயது நிரம்பிய குடிமக்களுக்குத்தான். வேலை அனுமதியில் இருக்கும் என் போன்றவர்களுக்குக் கிடையாது. ஆகவே முழுக் காசும் என் பையிலிருந்து.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் லாரி காலை ஆறே காலுக்குக் கிராஞ்சி விடுதியை விட்டுக் கிளம்பும். பொங்கோல் சைட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு காணொளி முடிந்துவிடும். போனில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருந்ததால் டேட்டா செலவில்லை. ஒவ்வொரு காணொளியும் எட்டு, பத்து நிமிடம்தான். பாடம் எடுப்பவர் அமெரிக்கர். அவர் 'ரௌட்டர்' என்று சொல்வதை முதல் வாரம் வேறு ஏதோ சாமான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் ரூட்டர் என்றுதானே சொல்லிப் பழக்கம். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்ததும் பேச்சு பிடிபட்டது.

என்னைப் போலக் கையால் வேலை செய்தவனுக்கு இந்தப் பாடத்தில் ஒரு தனிச் சுகம் உண்டு. பல வருடம் பட்ட பாட்டுக்கு ஒரு வரியில் காரணம் கிடைக்கும். ஒரு கார் நிறுத்துமிடத்தில் கடைசிக் கேமரா பகலெல்லாம் நன்றாக ஓடும், இருட்டினால் செத்துவிடும். மூன்று இரவு அங்கேயே கிடந்து கேமராவை மாற்றினோம், தலையை மாற்றினோம். நீளத்தை அளந்தால் 118 மீட்டர். நூறு மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. பாடத்தில் பிஓஇ பற்றி, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்புவதைப் பற்றிச் சொல்லும்போது, 802.3ஏஎஃப் முறையில் ஸ்விட்ச் (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) 15.4 வாட் வரை கொடுத்தாலும் நூறு மீட்டர் முனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான், மீதியைக் கேபிளே தின்றுவிடும் என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னார். லாரியில் உட்கார்ந்திருந்தவன் தலையில் அடித்துக்கொண்டேன். ராத்திரியானால் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், கூடுதலாக மின்சாரம் இழுக்கும். அவ்வளவு நீளத்துக்கு அப்பால் அது போதவில்லை, அவ்வளவுதான் சங்கதி. பாடத்தில் இது பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டு எண்கள். எனக்கு மூன்று ராத்திரித் தூக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கமான விஷயம். புது ஸ்விட்சில் கேபிளை மாட்டினால் முதலில் ஆரஞ்சு விளக்கு எரியும். கிரிம்ப் சரியில்லை என்று வெட்டி, மறுபடி தலை போட்டு மாட்டுவேன். கருவிகளைப் பையில் போட்டு நிமிர்ந்தால் பச்சை. என் கைராசி என்று நினைத்திருந்தேன். அது ஸ்பானிங் ட்ரீ என்று ஸ்விட்ச் தானே செய்யும் சோதனை. சுற்று ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுமார் முப்பது விநாடி கழித்துத்தான் ஸ்விட்ச் வழி விடும். எத்தனை நல்ல தலைகளை வெட்டிப் போட்டிருப்பேனோ!

இதைக் கண்ணால் பார்த்தது பாடத்தில் அல்ல, சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசரில். நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் திறந்தால் இலவசம். திரையில் ஸ்விட்ச், ரூட்டர், கணினி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்கலாம். ஒரு சேதி உறை மாதிரி கிளம்பி ஒவ்வொரு பெட்டியாக நின்று போவதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இதற்காக சிம் லிம் ஸ்குவேரில் 250 வெள்ளிக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். காசு கொடுத்து வாங்கிய பாடமோ இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 24 மணி நேரத்தில் கையை வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்றுகூட இல்லை. நெட்வொர்க் பிளஸ் பரீட்சையில் படத்தைக் காட்டி, சாதனத்தை அமைக்கச் சொல்லும் கேள்விகள் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

அப்புறம் சப்நெட், அதாவது நெட்வொர்க் முகவரிகளைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கு. இங்கேதான் பாடம் என்னைக் கைவிட்டது. மொத்தமே 22 நிமிடம். 0, 1 மட்டும் வரும் பைனரி எண்களை மளமளவென்று எழுதி, 'பார்த்தீர்களா, சுலபம்' என்று அடுத்ததற்குப் போய்விட்டார். ஆறு தடவை பார்த்தேன். உங்கள் வேகத்தில் படிக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். புரியாத இடத்தில் என் வேகம் பூஜ்யம், அதைக் கேட்க எதிரில் ஆள் இல்லை. கேள்வி கேட்கும் பகுதியில் எழுதினேன். ஒன்பது நாள் கழித்து, 'காணொளியை மீண்டும் பார்க்கவும்' என்று பதில். ஒன்றரை மாதம் பாடத்தைத் தொடவே இல்லை.

வழி காட்டியது ஊரில் இருக்கும் அப்பா. ஞாயிற்றுக்கிழமை போனில், 256 முகவரிகளைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, தலை சுற்றுகிறது என்று புலம்பினேன். "அதுக்கு ஏன்டா தலை சுத்துது? அரை, கால், அரைக்கால், வீசம். உன் தாத்தா கடையில இதைத்தானே நாள் முழுக்கச் சொல்லுவாரு" என்றார். போனை வைத்ததும் அட்டைப்பெட்டி ஒன்றின் பின்புறம் எழுதினேன். /24 என்றால் முழுசு, 256 முகவரி. /25 அரை, 128. /26 கால், 64. /27 அரைக்கால், 32. /28 வீசம், 16. /29 அரைவீசம், 8. துண்டின் அளவைச் சாதனத்துக்குச் சொல்லும் மாஸ்க் எண் வேண்டுமா, 256-இலிருந்து துண்டைக் கழி: காலுக்கு 192, அரைக்காலுக்கு 224. 192.168.10.77/27 எந்த நெட்வொர்க் என்றால், 32, 64, 96 என்று எண்ணு. 77 விழுவது 64-இல் தொடங்கி 95-இல் முடியும் துண்டு. முதலும் கடைசியும் போக சாதனங்களுக்கு முப்பது முகவரி. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அன்று ராத்திரி எதிர்க் கட்டிலில் இருக்கும் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவன் பெயிண்டர்.

மாதிரித் தேர்வுகளைப் பற்றி எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. 2024 ஜூனில் பரீட்சையின் என்10-009 என்ற புதுப் பதிப்பு வந்தது. பழைய 008 அந்த டிசம்பரோடு நின்றுபோனது. நான் வாங்கியது அதற்குப் பிறகு, அட்டையில் 009 என்றுதான் போட்டிருந்தது. உள்ளே நான்கு தேர்வில் மூன்று பழைய பதிப்புக்கானவை. அவற்றில் 85 சதவீதம் எடுத்துவிட்டேன் என்ற தைரியத்தில் பரீட்சைக்குப் போனேன்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்பார்கள். அதற்குக் கதவைச் சாத்திய அறை வேண்டும், வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. பன்னிரண்டு பேர் அறையில் அது நடக்காது. விடுதிக்காரர்கள் நேராகத் தேர்வு மையத்திலேயே இடம் போட்டுவிடுங்கள். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 720 எடுத்தால் தேர்ச்சி. தமிழில் கிடையாது. படக் கேள்விகள் முதலிலேயே வந்தன; அவற்றோடு மல்லுக்கட்டி 35 நிமிடத்தைத் தொலைத்தேன். அவற்றைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரலாம் என்ற சின்ன விஷயத்தைப் பாடம் சொல்லவில்லை. 698. முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. மறுபடி எழுத மறுபடி முழுக் கட்டணம். அது பாடத்தின் விலையைப் போலப் பல மடங்கு. தேக்காவில் சாப்பிடாமலே விடுதிக்குத் திரும்பினேன்.

ஏழு வாரம் கழித்து, பாக்கெட் ட்ரேசரையும் அந்த அட்டைப்பெட்டியையும் மட்டும் வைத்துப் படித்துவிட்டுப் போனேன். மையத்தில் கொடுத்த அழித்து எழுதும் பலகையில் முதல் வேலையாக அரை, கால், அரைக்கால், வீசம் என்று எழுதிக்கொண்டேன். 761.

சரி, வாங்கலாமா? ஐந்துக்கு இரண்டரை தருவேன். கேபிள், கேமரா, அலாரம் என்று ஏற்கெனவே கையில் தொழில் இருப்பவர்களுக்கு லாரிப் பயணத்தில் பார்க்க இது நல்ல சாமான், தள்ளுபடி விலையில் மட்டும். இந்த வேலையைக் கண்ணால் பார்க்காதவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். முதலில் பாக்கெட் ட்ரேசரில் ஒரு மாதம் விளையாடுங்கள். எதை வாங்கினாலும் மாதிரித் தேர்வு எந்தப் பதிப்பு என்று காசு கட்டுவதற்கு முன்னால் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கேள்விகள் பற்றி நான் அனுப்பிய மூன்றாவது மின்னஞ்சலுக்குச் சென்ற வாரம் பதில் வந்தது. அடுத்த பாடம் வாங்கினால் இருபது சதவீதம் குறைப்பார்களாம்.