மாடித்தோட்டக் குழுவை டெலிகிராமுக்கு மாற்றியபின்: மூன்று ஆடிப்பட்ட அனுபவம்

எங்கள் மாடித்தோட்டக் குழு வாட்ஸ்அப்பில் பிறந்தது. ஒரு குழுவுக்கு 256 பேர் என்ற வரம்பு இருந்த காலத்திலேயே நிரம்பிவிட்டதால், ‘மாடித்தோட்டம் 2’ என்று இன்னொன்றும் தொடங்கினோம். பிறகு வரம்பு 1,024 ஆக உயர்ந்தபோதும் இரண்டையும் சேர்க்க யாருக்கும் கை வரவில்லை. ஒரே மாவுப்பூச்சிக்கு இரண்டு இடத்தில் வைத்தியம் நடந்தது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒருவர் செம்பருத்தியின் படத்தைப் போட்டு வழி கேட்பார். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள் என்று பதில் வரும். அடுத்த மாதம் சேர்ந்தவருக்கு அந்தப் பதில் தெரியாது. அவரும் அதே படத்தோடு வருவார்.

2023 ஆடிப்பட்டத்துக்கு முன் டெலிகிராமுக்கு மாறினோம். புதிதாக வருபவரும் பழையதைத் தேடிப் படிக்கலாம் என்ற ஒரே ஆசைதான் காரணம்.

வாட்ஸ்அப் உரையாடலை அப்படியே டெலிகிராமில் இறக்கிக்கொள்ளும் வசதி 2021 முதல் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இறக்கினேன். ஆண்டுக்கணக்கான பேச்சு அத்தனையும் அன்றைய தேதிக்குக் கீழே வந்து குவிந்தது. அனுப்பியவர்களின் பெயர்களோ, என் போனில் நான் பதிந்துவைத்திருந்தபடியே வந்தன: ‘விதை அண்ணாச்சி’, ‘மூன்றாம் மாடி அக்கா’, ‘சாணம் தருபவர்’. கடைசியாகச் சொன்னவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்லவேளை, சிரித்துவிட்டார். ஆனால் நான் பெயர் பதியாதவர்களின் கைப்பேசி எண்களும் எல்லோர் கண்ணிலும் பட்டன. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அன்றிரவே மொத்தத்தையும் அழித்துவிட்டு, தேறியவற்றை மட்டும் கையால் எடுத்துப் போட ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

மாறியதற்குப் பலன் என்றால் ‘தலைப்புகள்’ வசதிதான். பூச்சி, மண்ணும் உரமும், விதைப் பகிர்வு, அரட்டை என்று நான்கு பிரித்தோம். அரட்டையில் போட வேண்டியதைப் பூச்சியில் போடுபவர்கள் இன்றும் உண்டு. விதைப் பகிர்வில் ‘மூக்குத்தி’ என்று தேடினால் சென்ற ஆண்டு மூக்குத்தி அவரை கொடுத்தவர் யார், யாருக்கு முளைத்தது என்பதெல்லாம் கிடைக்கிறது. (பெயரில்தான் அவரை, அது சர்க்கரைவள்ளியின் உறவு. பூ மாலைக்கு மேல்தான் விரியும். பகலில் பார்த்துவிட்டுச் செடிக்கு நோய் என்று பதறுபவர்களுக்கு இப்போது பழைய பதிலின் இணைப்பைக் கொடுத்தால் போதும்.)

எண்ணை மறைத்துக்கொள்ளலாம் என்பதால், இதுவரை படிக்க மட்டும் செய்த பெண்கள் பலர் எழுதத் தொடங்கினார்கள். அதே கதவு வழியாக ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ கூட்டமும் நுழைந்தது. அனுமதி கேட்டுச் சேரும்படி இணைப்பை மாற்றியபின் அது பெரும்பாலும் அடங்கியது. இன்னொன்று: வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும் முழுமறையாக்கம் (குழுவில் இருப்பவர்களைத் தவிர, செயலி நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டுவது) டெலிகிராம் குழுக்களில் கிடையாது. விதை அனுப்பும் முகவரியை யாரும் குழுவில் எழுதக்கூடாது என்று விதி வைத்திருக்கிறோம்.

நான் கணக்கில் எடுக்காதது மூன்றாம் மாடி அக்காவை. எழுபதைக் கடந்தவர். தட்டச்சு செய்யமாட்டார்; எல்லாமே குரல் பதிவுதான். புடலைப் பிஞ்சு கோணாமல் நீள நுனியில் சின்னக் கல்லைக் கட்டுவது, விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பது எல்லாம் குழுவுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் தேடலில் குரல் அகப்படாது. ‘புடலை’ என்று தேடினால் எல்லோரும் வருவார்கள், அவர் மட்டும் வரமாட்டார். ஆளும் வரவில்லை, புதுச் செயலியெல்லாம் வேண்டாம் தம்பி, இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டார்.

அதனால் பழைய குழுவை மூடவில்லை. அக்கா பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுதி இங்கே போடுகிறேன். சென்ற வாரம் பாகற்கொடிக்குப் பந்தல் போடுவது பற்றி ஒன்று அனுப்பியிருந்தார். நான்கு நிமிடம், நடுவில் குக்கர் விசில் இரண்டு. பாதிதான் எழுதி முடித்திருக்கிறேன்.