சிங்கத்தலை வாள் வாங்கப் போகிறீர்களா?

கண்டி டவுனில், பேராதனை வீதிப் பக்கம் இருக்கும் ஒரு பழம்பொருள் கடை. பெயர் வேண்டாம். உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது கஸ்தானே வாள்கள், அதுதான், நம் தேசியக் கொடியில் சிங்கம் பிடித்திருக்கிறதே அந்த வாள். கைப்பிடி முனையில் வாய் பிளந்த சிங்கம், கீழே கைகாப்பில் குட்டி மகரத் தலைகள். இங்கே இருப்பது புதுப் பித்தளை வார்ப்பு, அரம் போடவே இல்லை, சிங்கத்தின் பல் மழுங்கிப்போய் தாடையோரம் வார்ப்புக் கோடு விரலில் தட்டுப்படுகிறது. அசலில் இந்த நுணுக்கம்தான் விஷயமே, ஏனென்றால் சண்டையை விட, கட்டியிருப்பவர் யார், என்ன பதவி என்று காட்டத்தான் அது அதிகம் பயன்பட்டது. வெள்ளைக்காரன் காலத்திலும் முதலியார்மார், அதாவது உள்ளூர்த் தலைமை அதிகாரிகள், சடங்கு உடையோடு இதைக் கட்டிக்கொண்டார்கள்.

காசு கொடுக்கலாம் என்றால் பிஹ கெத்த கத்திக்குக் கொடுக்கலாம். கனத்த அலகு, முதுகோரம் வெள்ளி பதித்த கொடிவேலை, கொம்புப் பிடி, மர உறை. அந்த உறையிலேயே எழுத்தாணிக்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், பழைய கத்திகளில் உள்ள மாதிரியே. அந்தக் காலத்தில் அரண்மனைப் பட்டறைகளில் செய்து பிரதானிகளுக்குக் கண்டி ராசா கொடுத்த வகைச் சாமான் இது, வெட்டவும் ஓலை எழுதவும் ஒரே உறை! இதைச் செய்தவருக்குக் கை வேலை தெரிந்திருக்கிறது.

அப்புறம் சுவரில் ஒரு வேட்டைத் துவக்கு.

“நானா, இது எந்தக் காலத்துது?”

“ராசாட காலத்து அசல் சாமான், தங்கச்சி.”

கண்டித் துவக்குகளில் விசைப்பொறி இடப்பக்கம் இருக்கும், பிடங்கு (பின்கட்டை) இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். இதில் பொறி வலப்பக்கம், பிடங்கு பலகை மாதிரி. சரி, எதற்கு வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையான ராசா காலத்து வேலை பார்க்க ஆசை என்றால் கொழும்பு நூதனசாலைக்குப் போங்கள். லெவ்கே திசாவ (திசாவ என்றால் மாகாண அதிகாரி) கண்டி ராசாவுக்குக் கொடுத்த சின்னப் பீரங்கி அங்கே இருக்கிறது, வெண்கலத்தில் வெள்ளி, பொன், மாணிக்கம், ராசாவின் அடையாளமாகச் சூரியன், பிறை, சிங்கம். 1765இல், நாயக்கர் வம்சத்துக் கீர்த்தி சிறி ராசசிங்கன் ஆண்டபோது, ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையடித்துக் கொண்டுபோனது, ஆம்ஸ்டர்டாமிலிருந்து 2023இல்தான் திரும்பி வந்தது.

கடைக்குப் போனால் பேரம் பேசுங்கள், இறங்கி வருகிறார்கள். எதை வாங்கினாலும் ‘புது வேலை’ என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் நானா வந்து பேசப்போவதில்லை.